கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காதீர்கள்

கோயமுத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முதியோர் இல்லம் நடத்தும் பெரியோர்களுக்கு,

வணக்கம்.

நான் ஓர் இயன்முறை மருத்துவர். 19 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். மேற்கே வடவள்ளி தொடங்கிக் கிழக்கே சூலூர் வரைக்கும் உள்ள இல்லங்களுக்கு வாரத்தில் மூன்று நாள் போய்வருகிறேன். உங்களில் சிலருக்கு என்னை நேரில் தெரியும். இந்த மடலில் எந்த இல்லத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் எழுதவந்த விஷயம் ஓர் இல்லத்தோடு நிற்பதாக இருந்தால் அங்கேயே போய்ப் பேசி முடித்திருப்பேன்.

காலை ஆறரை மணி. ஒரு பாட்டியைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்ற வேண்டும். இரண்டு அக்காக்கள் வருகிறார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று பாட்டியின் கக்கத்தில் கையை நுழைக்கிறார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு." பாட்டி மேலே போகிறார். கால் தரையில் படவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு "ஐயோ சாமி" என்கிறார். அடுத்த நொடி வீல்சேரில் விழுகிறார். வேலை முடிந்தது. அக்காக்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள்.

இதை நான் ஏறக்குறைய எல்லா இல்லத்திலும் பார்த்திருக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. பாசமாகப் பேசிக்கொண்டேதான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டியின் உடம்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கைக்குப் போகும் நரம்புக்கொத்து கக்கத்தின் வழியாகத்தான் ஓடுகிறது. தோள்மூட்டு உடம்பின் எடையைத் தாங்கித் தொங்குவதற்கான மூட்டே அல்ல. பக்கவாதம் வந்து கை தளர்ந்துபோனவருக்கு அந்த மூட்டைப் பிடித்துவைக்கும் தசையும் வேலை செய்யாது. தினமும் நாலு தடவை இப்படித் தூக்கினால் தோள் கிண்ணத்திலிருந்து எலும்பு மெல்ல இறங்கிவிடும். ஓர் அம்மாவுக்கு இடது தோளில் என் ஒரு விரல் உள்ளே போகிற அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. இல்லத்துக்கு வந்தபோது அந்த வலி அவருக்கு இருந்ததில்லை. "வாதம் வந்த கைன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார், அவரைப் பார்த்துக்கொண்டவர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

தோளைக்கூட விடுங்கள். என்னை அதிகம் உறுத்துவது வேறு. அந்த இரண்டு நிமிடத்தில் பாட்டியின் கால்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நிற்க முடிகிறதா, பாதி எடையாவது தாங்குமா என்று சோதித்துப் பார்க்கவில்லை. அப்படியே மூன்று மாதம் போனால் அந்தக் கால்கள் உண்மையாகவே நிற்காது. பிறகு பதிவேட்டில் "பெட்ரிடன்" என்று எழுதுகிறோம். வயதானதால் வந்தது என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். பாதிக்குமேல் நாம் கொண்டுவந்தது.

படுக்கை கால்களை எப்படித் தின்னும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2007ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு. சராசரி 67 வயதுள்ள, எந்த நோயும் இல்லாத, நன்றாக நடமாடிக்கொண்டிருந்த சிலரைப் 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சதை கரைந்துபோயிருந்தது. பத்தே நாளில், ஆரோக்கியமானவர்களுக்கு. நிமோனியா வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு உங்களிடம் வரும் 82 வயதுக்காரருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் வந்த அன்றைக்கு "ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று மறுபடி படுக்கவைத்தால் மிச்சம் இருப்பதும் போகும்.

நீங்கள் ஏன் நடக்கவிடப் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு நிர்வாகி என்னிடம் மனம்விட்டுச் சொன்னார். "ஏனுங்க மேடம், பாட்டி படுத்தே கிடந்து புண்ணு வந்தா யாரும் எங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நடந்து விழுந்துட்டா அமெரிக்காவுல இருந்து ராத்திரியே போன் வருமுங்க. சிசிடிவி ஃபுட்டேஜ் அனுப்புங்கறாங்க." அவர் சொன்னது பொய்யில்லை. பெற்றோரை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள் நம்மிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அம்மா விழக்கூடாது. அம்மா போன மாதம் எத்தனை அடி நடந்தார் என்று எந்தப் பிள்ளையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் இல்லங்கள் விழாமலிருக்க எளிய வழியைப் பிடித்துக்கொண்டன. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி. டயப்பர். சில இடங்களில் நாற்காலியோடு சேர்த்து இடுப்பில் பழைய சேலைத்துணி.

கட்டிப்போடுவதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அது கூடாது, அவ்வளவுதான். கட்டில் கம்பியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். மறதி நோய் உள்ளவர் கம்பியைப் பார்த்து உள்ளேயே இருந்துவிடுவதில்லை. ஏறிக் குதிக்கப் பார்ப்பார். கம்பி இல்லாவிட்டால் கட்டில் உயரத்திலிருந்து விழுவார்; கம்பி இருந்தால் அதற்கும் ஓரடி மேலேயிருந்து தலைகுப்புற விழுவார். அவருக்குக் கட்டிலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திவிட்டுப் பக்கத்தில் ஒரு மெத்தையைப் போடுங்கள். அது கம்பியைவிட நல்லது.

டயப்பரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. எழுந்து போக முடிந்தவருக்கு, "பாத்ரூம் போகணும் கண்ணு" என்று வாய்விட்டுக் கேட்பவருக்கு, "அதான் கட்டியிருக்கில்ல பாட்டி, அதுலயே போய்க்கங்க" என்று சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டவர் 30 ஆண்டு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய அம்மா. அன்று முழுக்க அவர் யாரிடமும் பேசவில்லை. ஒருவர் நாளுக்கு ஐந்தாறு முறை எழுந்து, நின்று, பத்தடி நடந்து, உட்கார்ந்து, மறுபடி எழுவது பாத்ரூமுக்காகத்தான். நான் வாரத்தில் மூன்று நாள் வந்து அரை மணி நேரம் கொடுக்கும் பயிற்சியைவிட அது பெரிய பயிற்சி. டயப்பரைக் கட்டி அதையும் பிடுங்கிவிட்டால் என் அரை மணியால் எந்தப் பிரயோசனமும் இல்லை. செலவைப் பார்த்தாலும் சரி: ஒரு டயப்பர் 30 ரூபாய், நாளைக்கு மூன்று என்று வைத்தால் ஒருவருக்கு மாதம் 2,700 ரூபாய். இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொள்ளும் டிரான்ஸ்ஃபர் பெல்ட் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பல ஆண்டுகள் உழைக்கும்.

அந்த பெல்ட்டை எத்தனை இல்லத்தில் வைத்திருக்கிறீர்கள்? அகலமான பட்டை, பின்பக்கம் கைப்பிடி. பெரியவரின் இடுப்பில் உடைக்கு மேலே கட்டிவிட்டால் கக்கத்தில் கைவைக்க வேண்டிய தேவையே இல்லை. தடுமாறினால் பிடித்துக்கொள்ள நமக்கு ஒரு பிடி கிடைக்கிறது. வேட்டி முடிச்சைப் பிடிப்பது, நைட்டியைக் கொத்தாகப் பிடிப்பது எல்லாம் பிடியாகாது. துணி கையோடு வந்துவிடும்.

உட்கார்ந்தவரை எழுப்பும் முறையை விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் சூப்பர்வைசர் இதை வாசித்துவிட்டு அன்றைக்கே செய்துபார்க்கலாம். முதலில் அவரை இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்துவரச் சொல்லுங்கள். பின்னால் சாய்ந்து உட்கார்ந்தபடி யாராலும் எழ முடியாது, என்னாலும் உங்களாலும்கூட. இரண்டு பாதமும் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னே இழுத்து, அகட்டி, தரையில் நன்றாகப் பதிந்திருக்கட்டும். கை நாற்காலியின் கைப்பிடியில் இருக்கட்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் வாக்கர் அவர் மேலேயே சாயும். இப்போது முன்னே குனியச் சொல்லுங்கள். மூக்கு, கால் கட்டைவிரலைத் தாண்டி முன்னே வரவேண்டும். அப்போதுதான் உடம்பின் பாரம் பிட்டத்திலிருந்து பாதத்துக்கு வரும். வந்துவிட்டால் எழுவது தானாக நடக்கும். உதவி செய்பவர் பலவீனமான பக்கத்தில், ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்து நின்று, ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். மறுகையை விரித்துக் கொடுக்கட்டும், உள்ளங்கையோடு உள்ளங்கை. கட்டைவிரலைக் கோத்துப் பிடிக்கவிட்டால், அவர் விழும்போது உதவிக்கு நின்றவரும் சேர்ந்து விழுவார். முக்கியமாக, அவசரப்படுத்தாதீர்கள். மறதி உள்ளவரிடம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல்: "முன்னாடி வாங்க." அது முடிந்தபிறகு, "குனியுங்க." அது முடிந்தபிறகு அடுத்தது.

ஓர் இல்லத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா ஒருவர் இருக்கிறார். அன்னூர்ப் பக்கம் ஊர். காலையில் மட்டும் பதினோரு பேரைக் கட்டிலிலிருந்து இறக்குவார். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு நிற்பார். இந்த முறையை நான் முதல்முறை காட்டியபோது நம்பவே இல்லை. "ஏங் கண்ணு, எட்டு வருசமா இப்பிடித்தான தூக்கிட்டிருக்கறோம்? குனியச் சொன்னா முன்னாடி விழுந்துர மாட்டாங்களா?" என்றார். அவரையே நாற்காலியில் உட்காரவைத்து, முதுகைச் சாய்த்தபடி எழுந்து காட்டச் சொன்னேன். முடியவில்லை. குனிந்து எழச் சொன்னேன். எழுந்தார். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு நேராக ஜன்னல் பக்கக் கட்டிலில் இருந்த பாட்டியிடம் போனார். "ஆத்தா, இங்க பாருங்க, மூக்க முன்னாடி கொண்டாங்க" என்றார். இரண்டு வருடமாகத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பாட்டி, பாதி உதவியோடு எழுந்து நின்றார். நின்ற உயரத்திலிருந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "அது வேப்பமரமா?" என்று கேட்டார். படுக்கையிலிருந்து பார்த்தால் அதன் நுனிக்கிளை மட்டும்தான் தெரியுமாம்.

அந்த அக்காவின் இடுப்பைப் பற்றியும் பேச வேண்டும். அமெரிக்காவில் தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அரசு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்கே 2007ல் போட்ட கணக்கின்படி, ஒருவர் தன் கையால் நோயாளியின் எடையில் 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோவுக்குமேல் தாங்கக்கூடாது. அதுவும் நோயாளி ஒத்துழைக்கும்போது. நம் வீட்டுக்கு வரும் முழு காஸ் சிலிண்டர் உருளையோடு சேர்த்து 29 கிலோவுக்குமேல். 60 கிலோ எடையுள்ள ஒரு தாத்தா இரண்டு முழு சிலிண்டர். அதுவும் அசையும், பயந்து உதறும், திடீரென்று பிடித்துக்கொள்ளும் இரண்டு சிலிண்டர். அந்த அக்கா தினமும் எத்தனை சிலிண்டர் தூக்குகிறார் என்று எண்ணிப் பாருங்கள். "ஆளுங்க நிக்க மாட்டேங்கறாங்க, ஆறு மாசத்துல போயிர்றாங்க" என்று நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். சம்பளம் ஒரு காரணம்தான். முதுகும் ஒரு காரணம். அதை அவர்கள் உங்களிடம் சொல்வதில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். என்னிடம் சொல்கிறார்கள்.

சிலரை எழுப்பவே கூடாது. காலில் துளியும் பலம் இல்லை. அவர்களுக்கு ஹாய்ஸ்ட் என்ற தூக்கு இயந்திரம் இருக்கிறது. முப்பது பேருக்குமேல் இருக்கும் இல்லத்தில் ஒன்றாவது வாங்கிவைக்க வேண்டும் என்பது என் கருத்து. விலை அதிகம்தான். வாங்கும் வரைக்கும் இடுப்புக்குக் கீழே ஒரு குறுக்குவிரிப்பைப் போட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பேர் விரிப்பைச் சுருட்டிப் பிடித்து நகர்த்துங்கள். ஆளை இழுக்காதீர்கள். மெத்தையில் உடம்பை இழுக்கும்போது மேல்தோல் அங்கேயே நிற்கும், உள்ளே இருக்கும் எலும்பு நகரும். முதுகடியிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் அப்படித்தான் தொடங்குகிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தும் புண் வருகிறது என்று ஓர் இல்லத்தில் குழம்பினார்கள். நின்று பார்த்தேன். திருப்புவதற்கு முன்னால் காலைப் பிடித்துத் தரதரவென்று கீழ்நோக்கி இழுத்தார்கள்.

என் தவறு ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் வந்திருந்த ஒரு பெரியவர். நல்ல உயரம், தெம்பாகப் பேசினார். படுத்திருந்தவரை உட்காரவைத்தேன், உடனே எழுப்பினேன், "நடக்கலாங்களா அப்பா?" என்றேன். அவர் "ம்" என்று சொன்னதும் கண் மேலே சொருகியது. என்னால் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டு முறிந்தது. பல நாள் படுத்திருந்தவர்கள், பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை முற்றியவர்கள் இவர்களுக்கெல்லாம் எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே அது ஆபத்துக்கான அறிகுறி. நான் பாடத்தில் படித்திருந்தேன். அன்றைக்குச் செய்யவில்லை. அவர் வலது கையால் சாப்பிட ஆறு வாரத்துக்குமேல் ஆனது. அவர் ஒருமுறைகூட என்னைக் கடிந்து பேசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்காரவைத்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லி, தலை சுற்றுகிறதா என்று கேட்காமல் நான் ஒருவரையும் எழுப்பியதில்லை. உங்கள் இல்லத்தில் பிபி கருவி இருக்கிறது. படுத்தபடி ஒருமுறை, நின்றபின் ஒருமுறை எடுத்து எழுதிவைக்க யாருக்கும் தனிப்படிப்பு தேவையில்லை.

விழுபவர்களில் பலர் இரவில் விழுகிறார்கள். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்துவிட்டு, தூக்க மாத்திரையை ஒன்பது மணிக்குக் கொடுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போகிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு அவருக்கு அடக்க முடியவில்லை. காலிங் பெல் தலைக்குப் பின்னால், எட்டாத இடத்தில். எழுகிறார். லுங்கி காலில் சிக்குகிறது. பாத்ரூம் தரையில் யாரோ குளித்த ஈரம். பிடிமானத்துக்குத் துண்டு போடும் கம்பியைப் பிடிக்கிறார். அது துண்டின் கனத்துக்காகச் சுவரில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்பது. கையோடு வருகிறது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியையும் நீங்கள் வெட்டலாம். அந்த மாத்திரையைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பல நேரம் முடியும். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் இடையே சின்ன விளக்கு ஒன்று விடியும்வரை எரியட்டும். கட்டிலோரம் கமோடு சேர் வையுங்கள். டாய்லெட் பக்கத்தில் சுவரில் துளையிட்டு ஆங்கர் போட்ட கைப்பிடிக் கம்பி வையுங்கள். எண்ணெய்க் குளியல் நாளில் உள்ளங்காலையும் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் நடக்கவிட வேண்டும். அந்த நாளில் வழுக்கி விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவையெல்லாம் செய்தாலும் 25 பேருக்கு ராத்திரியில் ஒரே ஓர் அக்கா என்றால் ஒன்றும் நடக்காது. ஒருவரைப் பாத்ரூமுக்கு அழைத்துப் போயிருக்கும்போது இன்னொரு அறையில் பெல் அடித்தால் அவர் என்ன செய்வார்? இரவில் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். இதில் நான் இறங்கிப் பேசத் தயாரில்லை.

உங்கள் விளம்பரங்களை நான் வாசிக்கிறேன். சிறுவாணித் தண்ணீர், மலைக்காற்று, சைவச் சமையல், வளாகத்துக்குள்ளே பிள்ளையார் கோயில், பளபளக்கும் டைல்ஸ். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்ற வரி இல்லை. டைல்ஸின் பளபளப்பைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வயதான கண்ணுக்கு அது ஈரமா, காய்ந்ததா என்று பிரித்துத் தெரியாது. கட்டிமுடித்ததை இடிக்கச் சொல்லவில்லை. இனிப் போடும்போது சொரசொரப்பான டைல்ஸ் போடுங்கள். அதுவரை பின்பக்கம் பட்டை வைத்த, அடியில் பிடிமானம் உள்ள செருப்பு எல்லோருக்கும் இருக்கட்டும். ரப்பர் தேய்ந்த ஹவாய் செருப்பை வாசலிலேயே வாங்கிவையுங்கள்.

அந்தப் பிள்ளையார் கோயில் மட்டும் உண்மையிலேயே நல்ல விஷயம். "வாங்க பாட்டி, எக்சர்சைஸ் பண்ணலாம்" என்றால் வராதவர்கள், "தீபாராதனைக்கு நேரமாச்சு" என்றால் வாக்கரைத் தேடுகிறார்கள். ஆனால் கோயிலுக்கு மூன்று படி வைத்துக் கைப்பிடி வைக்காமல் விட்டுவிடுகிறோம். ஒரு சாய்தளமும் ஒரு கம்பியும் வைத்துப் பாருங்கள். நான் எழுதிக்கொடுக்கும் எந்தப் பயிற்சியையும்விட அது அதிகம் நடக்கவைக்கும்.

வாக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பேருக்கு ஒரு வாக்கர் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. உயரமான தாத்தாவுக்கு வைத்த உயரத்தில் குள்ளமான பாட்டி தோளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் இடம் எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்கவேண்டும். காலில் உள்ள பட்டனை அழுத்தி மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஊன்றுகோல் வைத்திருப்பவர் நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்கவேண்டும். வழக்கமாக மாற்றித்தான் பிடித்திருக்கிறார்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில்.

மில்லில் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவுக்குப் பார்க்கின்சன் நோய். கதவுப்பக்கம் வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். "அடம் புடிக்கறாருங்க" என்றார்கள். கையைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்தால் மேல் உடம்பு வரும், கால் வராது, முகம் தரையில் மோதும். அந்த நோயில் கால் அப்படி உறைந்துபோவது உண்டு. இழுக்காமல் நிற்கவிட்டு, அவர் கண்ணுக்கு ஓர் அடையாளத்தையோ காதுக்கு ஒரு தாளத்தையோ கொடுத்தால் பூட்டுத் திறக்கும். கதவருகே தரையில் ஓரடி இடைவெளியில் மஞ்சள் டேப்பைக் குறுக்கே ஒட்டினோம். ஒவ்வொரு கோட்டையும் தாண்டுவதுபோலக் காலைத் தூக்கி வைத்து அந்தப் பக்கம் போய்விட்டார். தினமும் இரண்டு வேளை சாப்பாட்டுக் கூடத்துக்கு அவரே வருகிறார். சில நாள் டேப் இருந்தும் நிற்பார். அப்போது பக்கத்தில் நின்று எண்ணுகிறார்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் ஒருவர் விழலாம். விழும்போது ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்கப் பார்க்க வேண்டாம் என்று ஆட்களுக்குச் சொல்லுங்கள். பெல்ட்டைப் பிடித்தபடி, தன் தொடையில் சறுக்கவிட்டு, தலை அடிபடாமல் மெல்லத் தரையில் உட்காரவைக்கலாம். ஏற்கெனவே விழுந்துகிடப்பவரைப் பதறித் தூக்கக்கூடாது. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம்; போர்த்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து 108 வரும்வரை பேசிக்கொண்டிருங்கள். அடி ஏதும் இல்லையென்றால் ஒருக்களித்து, மண்டியிட்டு, முன்னால் போட்ட நாற்காலியைப் பிடித்து அவராகவே எழச் சொல்லிக் கொடுக்கலாம். விழுந்ததைப் பற்றிப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். சேர்க்கும் அன்றைக்கே அவர்களை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: "உங்க அம்மாவ நாங்க நடக்கவிடுவோம். விழற வாய்ப்பக் குறைக்க இதெல்லாம் செய்வோம். முழுசா இல்லாமப் பண்ண முடியாது. நடக்கவிடாம வெச்சிருந்தா என்ன ஆகுமுன்னும் தெரிஞ்சுக்கங்க." எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கும் பிள்ளைகளிடம் இதை எடுத்துச்சொல்ல நானே வருகிறேன்.

2007ஆம் ஆண்டு வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கும் இல்லமாக அரசு அமைக்கலாம் என்கிறது. அந்த இல்லங்களில் தர அளவும் சேவைகளும் எப்படி இருக்கவேண்டும் என்பதற்குத் திட்டம் வகுக்கலாம் என்றும் சொல்கிறது. உங்களைப் போன்ற தனியார் இல்லங்களுக்கு ஆய்வுக்கு வருபவர்கள் அறையை அளக்கிறார்கள், சமையலறையையும் தீயணைப்புக் கருவியையும் பார்க்கிறார்கள். நான் இருந்தபோது வந்தவர்களில் யாரும் "ஒருவரை எழுப்பிக் காட்டுங்கள்" என்று கேட்டதில்லை. அதைச் சட்டம் கேட்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அரசே இயன்முறை மருத்துவரைக் கிராமத்து வீடுகளுக்கு அனுப்புகிறது. மாதாமாதம் பணம் கட்டி உங்களிடம் இருக்கும் பாட்டிக்கு, திண்ணையில் இருக்கும் பாட்டிக்குக் கிடைப்பதாவது கிடைக்கவேண்டும் இல்லையா?

தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். 2021க்கான மத்திய அரசின் மதிப்பீடு 13.6, கேரளத்துக்கு அடுத்து நாம்தான். 2031ல் 18.2 ஆகும் என்கிறார்கள். நம் ஊரில் இன்னும் நிறைய இல்லங்கள் வரும். இப்போது நீங்கள் எதை வழக்கமாக்குகிறீர்களோ அதைப் பார்த்துத்தான் புதிதாக வருபவர்களும் நடத்துவார்கள்.

ஒரு வேலையை இந்த வாரமே தொடங்கலாம். ஒவ்வொருவரின் தலைமாட்டிலும் ஓர் அட்டை மாட்டுங்கள். தானாக எழுவாரா, ஒருவர் உதவி வேண்டுமா, இருவர் வேண்டுமா, எந்தப் பக்கம் பலவீனம், வாக்கரா தடியா, தலை சுற்றுமா. நாலே வரி. நேற்றுப் புதிதாக டியூட்டிக்கு வந்த பெண்ணும் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். பதிவேட்டில் மருந்து கொடுத்ததை எழுதுவதுபோல, அன்றைக்கு எத்தனை தடவை எழுந்து நின்றார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியங்களை இதற்காக ஒதுக்கிவைத்திருக்கிறேன். கூப்பிடும் இல்லத்துக்கு வந்து ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பணம் வேண்டாம். ஒரு கட்டிலும், கைப்பிடி வைத்த ஒரு நாற்காலியும், ஒரு வீல்சேரும் இருந்தால் போதும். பகல் ஆட்களை மட்டும் உட்காரவைத்துவிடாதீர்கள். இரவு டியூட்டி பார்க்கும் அக்காக்களும் வரவேண்டும். அவர்கள் தூக்கத்தை விட்டுவிட்டு வரும் அந்த இரண்டு மணி நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டுச் சம்பளத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
கோயமுத்தூர்